பதினோரு மாடியின் சரித்திரம்

கோட்டைக்கும் கோபுரத்துக்கும் சரித்திரம் எழுதுகிறோம். குடியிருக்கும் மாடிகளுக்கு எழுதுவாரில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலும் தோட்டத்தோடு தனி வீடுகள் நின்ற மனைகளில் இன்று அடுக்குமாடிகள் எழும்புகின்றன. ஆகவே, சென்னையில் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தின் கதையை நாம் அறிந்திருப்பது நல்லது.

அங்கே பதினோரு மாடிக் கட்டடங்கள் இரண்டு அருகருகே எழுந்துகொண்டிருந்தன. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது. வீடு கேட்டவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டடம் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. மாண்டவர்கள் 61 பேர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களே பெரும்பாலோர். தாங்கள் கட்டிய அந்த மாடியில் வாடகைக்குக்கூடக் குடியிருக்க வழியற்றவர்கள்.

இடி விழுந்ததாகக் கட்டியவர்கள் தரப்பில் சொன்னார்கள். இடி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை அல்லவா? தூண்களுக்குச் சுமை தாங்கும் பலம் போதவில்லை என்றே வல்லுநர்கள் கண்டார்கள். எஞ்சி நின்ற கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துச் சில நொடிகளில் அதைத் தரைமட்டமாக்கினார்கள்.

இத்தகைய அனுபவம் சீமைக்கும் உண்டு. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் ஜனங்கள் குடியேறி இரண்டு மாதம்கூட நிறைந்திருக்குமோ என்னவோ, 1968 மே 16 அன்று 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தனர். ஓரிடம் பழுதானாலும் மற்ற இடம் நிற்க வேண்டும் என்று அந்நாட்டுக் கட்டட விதியே அதன்பின் மாறிற்று.

நம் நாட்டிலும் 2016-இல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் மௌலிவாக்கத்தில் ஒப்படைக்கும் நாளே வரவில்லை. மாண்டவர்கள் வீடு வாங்கியவர்களும் அல்லர்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் தரைக்கு என்ன கல், ஜன்னலில் என்ன காற்று என்று விசாரிக்கிறார்கள். மண்ணைச் சோதித்தது யார், தூணுக்குக் கணக்குப் போட்டது யார் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வி காப்பாற்றுவது நம்மை மட்டுமல்ல. நமக்கு முன்னால் அந்த மாடியில் ஏறி நிற்கும் சித்தாளையும் கொத்தனாரையும்தான்.