புலிப் பொறி முதல் நெசவாளியின் முகம் வரை

திருவிடைமருதூரில் தேரோடும் வீதியின் ஓரம், ஏதேனும் ஒரு மளிகைக் கடையின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கற்பூரப் பொட்டலத்தின் மேல் ஒரு சாமி. ஊதுவத்தி உறையின் மேல் ஒரு சாமி. குங்குமச் சிமிழில் ஒன்று, தீப்பெட்டியில் ஒன்று, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மற்றொன்று! எதிரே நிற்கும் மகாலிங்கசாமி கோவிலுக்குள் இருக்கும் மூர்த்திகளைக் காட்டிலும், இந்தப் பத்தடிக் கடைக்குள் இருக்கும் மூர்த்திகள் அதிகமோ என்று ஐயுறத் தோன்றும். அந்தி சாய்ந்து கடை அடைபடும் வேளையில், பிரித்தெறியப்பட்ட அந்த உறைகள் எல்லாம் தெருவில் கிடக்கின்றன, மிதிபடுகின்றன, சாக்கடையில் மிதக்கின்றன. எவர் மனமும் புண்படுவதில்லை! ஆனால், “இந்த உறைமேல் இந்தப் படம் எதற்காக?” என்று ஓர் இளைஞன் கேட்டுவிட்டால் மட்டும், ஊரின் மனம் முழுதும் புண்பட்டுப் போகிறது.

கேட்கத்தான் வேண்டும், தோழர்களே! பொருளின் மேல் ஒட்டப்படும் படம் வெறும் அழகுக்காக ஒட்டப்படுவதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு காலத்திலும் நாட்டை ஆட்டிவைத்த ஆற்றல் எதுவோ, அதன் முகமே பொருளின் மேல் பொறிக்கப்பட்டு வந்திருக்கிறது. காவிரிக் கரையில் வாழும் நாம் அந்த வரலாற்றை வேறெங்கும் தேடிப் போகவேண்டியதில்லை; ஆற்றின் ஓட்டத்தோடு கீழ்நோக்கி நடந்தால் போதும்.

காவிரி கடலோடு கலக்கும் இடத்திலே பூம்புகார் இருந்தது. கரிகாலன் காலத்து அத்துறைமுகத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே பாடியிருக்கிறார். கடலிலிருந்து கரைக்கு இறங்கிய பொருளும், கரையிலிருந்து கடலுக்கு ஏறிய பொருளும் முற்றத்திலே மலைபோல் குவிந்து கிடந்தன. சுங்கம் தண்டுவோர் அப்பொதிகளின் மேல் சோழனின் புலியைப் பொறித்து வெளியே அனுப்பினர் என்று அந்நூல் காட்டுகிறது. நம் மண்ணில் சரக்கின் மேல் இடப்பட்ட முத்திரைக்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று வேண்டியதில்லை. அந்தப் புலி என்ன சொல்லிற்று? மிளகு நல்ல மிளகு என்று சொல்லவில்லை. முத்தைக் குளித்தெடுத்தவன் இன்னான் என்றும் சொல்லவில்லை. “மன்னனுக்குரிய சுங்கம் செலுத்தப்பட்டது, இப்பொதியைத் தொடுவோன் மன்னனைத் தொட்டவனாவான்” என்றே சொல்லிற்று. பிற்காலச் சோழரின் செப்பேட்டு முத்திரைகளைப் பாருங்கள்: புலியின் அருகே பாண்டியனின் கயலும் சேரனின் வில்லும் சேர்ந்தே இருக்கும். மூவேந்தரில் எவன் மேலோன் என்பதை எழுத்தறியாதவனும் கண்டு அஞ்சவேண்டும் என்பதே அந்த ஓவியத்தின் நோக்கம். முதற்கட்டத்தில் பொருளின் மேல் இருந்தது அரசன் முகம்.

அரசர்கள் தேய்ந்தனர், வணிகக் கம்பெனிகள் வளர்ந்தன. 1602 இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்னி ஓர் இலச்சினை அமைத்துக்கொண்டது. இந்நாளில் சின்னம் வரையும் கலைஞர்கள், உலக வணிக நிறுவனச் சின்னங்களில் மிகப் பழையனவற்றுள் ஒன்று என்று அதனைப் போற்றுகின்றனர். எளிமையானது, கண்டவுடன் மனத்தில் பதிவது, காசிலும் பீரங்கியிலும் ஒரே வடிவில் பொறிக்கத்தக்கது. கலை என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1658 இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய அந்தக் கம்பெனி, அடுத்த சில ஆண்டுகளிலே தஞ்சைச் சீமையைப் பஞ்சம் தின்றபோது செய்தது என்ன? சோற்றுக்கு வழியின்றித் துறைமுகம் நோக்கி வந்த உழவர் மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றிற்று! இலங்கைக்கும் கீழைத் தீவுகளுக்கும் அவர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டனர். மிளகும் துணியும் மட்டுமன்றி, மனிதனும் அந்த மூன்றெழுத்தின் கீழ்ச் சரக்கானான். சின்னம் அழகாக இருக்கலாம். அதன் பின்னால் இருப்பது அழகாக இருந்தாக வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை.

பிறகு வந்தது மான்செஸ்டர். தறி ஓசை நிறைந்திருந்த நாட்டுக்கு, இயந்திரம் நெய்த துணியைக் கட்டுக்கட்டாக இறக்கினான் ஆங்கிலேய வணிகன். அந்தக் கட்டுகளின் மேல் பல வண்ணங்களில் அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். சீட்டிலே யார்? கண்ணன், இலக்குமி, இன்னும் பற்பல தெய்வங்கள். அவற்றோடு யானை, புலி, அரசர், அழகியர். வரைந்தவன் கண்ணனைக் கும்பிடாத கிறித்துவன். அச்சிட்ட ஊர் இங்கிலாந்து. நோக்கம், நம் நெசவாளியின் வயிற்றில் அடிப்பது! அதே ஆங்கிலேயன் தன் நாட்டிலே என்ன செய்தான்? 1875 இல் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் இயற்றினான். 1876 சனவரி முதல் நாள் அங்கே முதலாவதாகப் பதிவானது, பாஸ் என்னும் மதுவாலையின் செந்நிற முக்கோணம். சாமியும் இல்லை, பூதமும் இல்லை. மூன்று கோடு, ஒரு நிறம். தன் நாட்டானுக்கு முக்கோணம் போதும் என்று கண்டவன், நமக்குக் கடவுளை அனுப்பினான் என்றால், காரணம் வேண்டாமா?

காரணம் கணக்கெடுப்பில் இருக்கிறது. 1901 இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர். எஞ்சிய 95 பேரும் படத்தைப் பார்த்துத்தான் பொருளை வாங்கவேண்டும். “யானை மார்க் கொடு, முருகன் மார்க் கொடு” என்று படத்தைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். அந்தத் தொண்ணூற்றைந்து பேரைத் தற்குறிகளாக வைத்திருந்தது வெள்ளையன் ஒருவன்தானா? அவன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இன்னார் படிக்கலாம், இன்னார் கேட்டாலும் பாவம் என்று வகுத்து வைத்தவர்கள் யார்? வருணதருமம் உண்டாக்கிய இருட்டிலே வணிகம் தன் கடையை விரித்தது. எழுத்தைப் பறித்தவனே படத்தைக் கொடுத்தான். படத்தைக் கொடுத்துப் பணத்தைப் பறித்தான் மற்றவன்.

விடுதலை வேட்கையோடு எழுந்த நாட்டுத் தொழில்களும் இதே வழியைத்தான் பின்பற்றின. 1922 இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும், 1923 இல் சிவகாசியிலே அத்தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த கரிசல் மண்ணில் முளைத்த அந்த முயற்சி போற்றத்தக்கது. தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இப்படியே சிவகாசி அச்சுத்தொழிலின் தலைநகராயிற்று. அங்கே வண்ணம் வண்ணமாகச் சாமிகள் பிறந்தனர். கூடவே கொழுகொழு கன்னத்தோடு சிரிக்கும் குழந்தைப் படங்களும் பிறந்தன. அந்தச் சீட்டுகளையும் பெட்டிகளையும் ஒட்டிய விரல்களில் எத்தனையோ விரல்கள் குழந்தைகளின் விரல்கள்! பள்ளிக்கூடத்தில் பலகை பிடிக்கவேண்டிய கை, பசைக் கிண்ணத்தில் தோய்ந்து கிடந்தது. 1986 இல் நாடாளுமன்றம் இயற்றிய குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலையும் வெடித் தொழிலையும் பெயர் குறித்துத் தடைசெய்ய வேண்டியிருந்தது. 1996 இல் உச்சநீதிமன்றம் மீண்டும் குறுக்கிட வேண்டியிருந்தது. உறையின் மேல் சிரித்த குழந்தை ஒன்று. உறைக்குப் பின்னே வாடிய குழந்தை மற்றொன்று. இரண்டாவது குழந்தையைக் காக்கச் சட்டந்தான் வந்ததே தவிர, சீட்டில் இருந்த தெய்வம் வரவில்லை.

சட்டத்துக்கே இப்போது சலிப்புத் தட்டிவிட்டது போலும்! மக்களின் சமய உணர்ச்சியைப் புண்படுத்தத்தக்க குறியைப் பதிவு செய்யக்கூடாது என்கிறது 1999 ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம். ‘இராமாயண்’ என்ற பெயரை ஊதுவத்திக்குத் தனியுரிமையாக்கிக்கொள்ள ஒருவர் முயன்ற வழக்கிலே, புனித நூலின் பெயரை எவரும் தம் வணிகத்துக்கென உரிமை கொண்டாட முடியாது என்று 2015 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு மன்றம் ஏறிச் சண்டையிட்டவர்கள் பகுத்தறிவாளர் அல்லர், தோழர்களே! இராமனின் பெயரால் ஊதுவத்தி விற்பவர்களே!

அரசன் முகம், கம்பெனி முகம், கடவுள் முகம் – இவற்றோடு நின்றதா? இன்னொரு முகமும் இருந்தது. அது சாதியின் முகம். உணவுக்கடை வாயிலில் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டினார்களே, அது வெறும் பெயரா? சமைத்தவன் சாதியே சுவைக்குச் சான்று, பிறப்பே தூய்மைக்கு முத்திரை என்று வழிப்போக்கன் தலையில் அடித்துச் சொன்ன விளம்பரம் அது! 1929 இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தைக் கிழித்தெறியச் சொன்னது. பெயர்ப்பலகையின் மேல் ஒட்டிய சாதியைக் கிழிக்க 1957 இல் பெரியார் புறப்பட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவுக்கடையின் முன் நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்தனர். நாள்தோறும் சிறை புகுந்தனர். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவிலே, பலகை மாறியது. ஒரு சொல்லை அழிக்க இத்தனை பேர் சிறைக்குப் போகவேண்டுமா என்று அன்று ஏளனம் செய்தவர் உண்டு. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பதைச் சிறை சென்றவர்கள் அறிந்திருந்தார்கள். பலகையை எளிதில் கழற்ற மறுத்தவரும் அறிந்திருந்தார்!

முத்திரையை எதிர்ப்பவர்களா நாம்? இல்லை. 1946 இல் திராவிடர் கழகம் தனக்கென அமைத்துக்கொண்ட கொடியை எண்ணிப் பாருங்கள். கருப்பு நிறம், நடுவிலே ஒரு சிவப்பு வட்டம். கருமை நம்மைச் சூழ்ந்த இழிவைக் காட்டுவது; செம்மை அதனைப் போக்கப் பிறக்கும் எழுச்சியைக் காட்டுவது. எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டான். எழுத்தறியாதவனை ஏய்க்கவும் சின்னம் பயன்படும், எழுப்பவும் பயன்படும்.

இனி ஆற்றங்கரைக்கே திரும்புவோம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கிச் செல்லும் சாலையில், திருவிடைமருதூரை எட்டுமுன் திருபுவனம் வருகிறது. மூன்றாம் குலோத்துங்கன் எழுப்பிய கோவிலால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். தறிகளால் இன்று வாழும் ஊர். இவ்வூர்ப் பட்டுச் சேலைக்கு ஒரு தனிச்சிறப்பு, அதனை மடிக்கும் முறை. விசிறி மடிப்பு என்பர். விசிறியைப் போல் விரியும். விசிறியைப் போல் சுருங்கும். அட்டைப்பெட்டியும் வண்ண உறையும் வருமுன்பே, பொருளையே பொருளுக்கு உறையாக்கிய அறிவு அது. எந்த ஓவியனும் கையொப்பமிடாத ஓவியம்!

இவ்வூர் நெசவாளர்கள் 1955 இல் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 2019 இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது அச்சட்டம். பட்டுக்கு ஒரு குறி, கைத்தறிக்கு 2006 முதல் ஒரு குறி, ஊருக்கு ஒரு குறி – இத்தனையும் எதற்கு? விசைத்தறியில் ஒரு நாளில் ஓடிவந்த துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் வஞ்சகம் பெருகியதனாலே. புலிப் பொறி சுங்கம் தண்ட வந்தது. சாமிச் சீட்டு சரக்கு விற்க வந்தது. இந்தக் குறிகளோ, உழைப்பைக் காக்க வந்திருக்கின்றன. வரலாற்றிலே இது ஒரு திருப்பம்.

1953 இல் நெசவாளர் வீட்டு அடுப்பில் பூனை உறங்கியபோது, அறிஞர் அண்ணாவும் கழகத் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அந்தத் துணியின் மேல் வண்ணச் சீட்டு இல்லை. விற்றவரின் வாய்மொழியே முத்திரை: “இதனை நெய்தவன் பட்டினி கிடக்கிறான், வாங்குங்கள்!” அண்மைக் காலத்திலே கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் சேலைகளோடு ஒரு சிறு அட்டையை இணைத்தது. அதிலே நெசவாளியின் பெயர் இருந்தது. அவர் முகமும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு வணிகத்திலே புலி இருந்த இடத்தில், மூன்றெழுத்து இருந்த இடத்தில், சாமி இருந்த இடத்தில், சாதி இருந்த இடத்தில், முதன்முறையாக உழைத்தவன் முகத்தைக் காண்கிறோம்!

மகிழ்ச்சிதான். ஆனால் மயங்கிவிட வேண்டாம். முகத்தை அட்டையில் ஏற்றிவிட்டுக் கூலியை இறக்கி வைத்தால், அந்த முகமும் இன்னொரு சாமிப் படமாகிவிடும். பார்க்க அழகு, பயன் சுழி! பெயரோடு அவர் பெற்ற கூலியும் அந்த அட்டையில் அச்சாகும் நாள் வரவேண்டும். சேலையின் விலை இவ்வளவு, நெய்தவர் கைக்குப் போனது இவ்வளவு என்று வாங்குவோர் படித்தறியும் நாள் வரவேண்டும். படிக்கத் தெரிந்த நாட்டுக்கு இனிப் படம் மட்டும் போதாது.

கல்லூரிகளிலே வரைகலை பயிலும் இளைஞர்களே! நாளை ஏதோ ஓர் உறைக்குச் சின்னம் தீட்ட உங்களை அழைப்பார்கள். கோடும் நிறமும் உங்கள் கையில். தீட்டுமுன், இந்த உறைக்குள் இருக்கும் பொருளைச் செய்தவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். கடைக்குச் செல்லும் தோழர்களே! உறையைப் பிரித்தெறியுமுன் நீங்களும் அதையே கேளுங்கள். விடை சொல்ல முடியாத உறை எவ்வளவு அழகாயிருந்தாலும், அது எதையோ மறைக்கிறது என்று பொருள்.