வில் இழுக்கட்டும், பிள்ளை படிக்கட்டும்!

வரலாறு என்றதும் முடிசூடிய மன்னர்களின் வரிசையும், அவர்கள் பொருத களங்களின் பட்டியலும்தான் நம் நினைவிற்கு வருகின்றன. பள்ளியில் கற்பதும் அதுவே, கற்பிப்பதும் அதுவே. ஆனால், மன்னன் சாய்ந்திருந்த கட்டிலின் காலைக் கடைந்தவன் யார்? அந்தக் கால் உருண்டு திரண்டு வருவதற்காக, மரத்தில் சுற்றிய கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து இழுத்துக் கை காய்த்தவன் யார்? ஏடுகள் அவனைப் பாடுவதில்லை. அவன் கையை விடுவித்த கருவி எது என்பதையும் சொல்வதில்லை. அந்தக் கருவியின் கதை ஒரு வில்லின் கதை. களத்து வில் அன்று, பட்டறை வில்!

மரவேலையில் ஓர் அடிப்படை உண்மை உண்டு. இழைப்புளியாயினும் கடைசலாயினும், பெரும்பாலான கருவிகள் ஒரு திசையில்தான் வெட்டும். மீண்டும் வெட்டவேண்டுமானால் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பியாகவேண்டும். செல்வது பயனுள்ள உழைப்பு, திரும்புவது வெறுஞ்சுமை. திரும்பும் வழியில் ஒரு துகள் மரமும் சீவப்படுவதில்லை. ஆயினும் அதற்கும் ஒருவனுடைய தசை நோகவேண்டும். பயனற்ற இந்தப் பாதிப் பயணத்தை யார் தலையில் கட்டுவது? உலகெங்கும் தச்சுப்பட்டறைகள் சந்தித்த வினா இது.

பண்டை எகிப்து தந்த விடை: இன்னொரு மனிதன் தலையில்! கி.மு. 300ஐ ஒட்டிய காலத்துப் பெட்டோசிரிசு என்பாரின் கல்லறைச் சுவரில், கடைசலைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் ஒன்று உள்ளது. ஒருவன் கயிற்றை இழுக்கிறான். மற்றொருவன் உளியைப் பிடிக்கிறான். நம் நாட்டுக் கடைசலும் அவ்வழியே நடந்தது. கடைபவன் தரையில் அமர்ந்து, கையாலும் காலாலும் உளியைத் தாங்குவான். வில்லை அவனே ஓட்டவேண்டும். இல்லையேல் எதிரே அமர்ந்து ஒருவன் கயிறு இழுக்கவேண்டும்.

ஐரோப்பாவில், 13ஆம் நூற்றாண்டு ஓவியங்களில், எதிரே அமர்ந்தவன் காணாமற் போகிறான். அவனிடத்தில் நிற்பது வளைந்து நிமிரும் ஒரு கம்பு! மேலே நீட்டிய கம்பின் நுனியில் கயிறு. அக்கயிறு கடைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே மிதிப்பலகையில் முடியும். காலால் மிதித்தால் மரம் சுழலும், உளி வெட்டும், கம்பு வளையும். காலை எடுத்தால் கம்பு நிமிரும், கயிறு மேலேறும், மரம் தொடங்கிய நிலைக்குத் திரும்பும். திரும்பும் வேலையைக் கம்பு ஏற்றுக்கொண்டது. அதே நூற்றாண்டில் விலார் த ஒன்னகூர் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் குறிப்பேட்டில் நீராற்றலால் இயங்கும் மரவாள் ஒன்றை வரைந்து வைத்தார். ஓடும் நீர் வாளைக் கீழே இழுக்கும். வளைந்த கம்பு அதனை மேலே தூக்கும். மனிதக் கை இரு திசையிலும் விடுதலை பெற்றது!

கம்பு ஏன் நிமிர்கிறது? 1678ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இராபர்ட் ஊக்கு விடையை நூலாக வெளியிட்டார். எந்த அளவிற்கு இழுக்கிறோமோ, அந்த அளவிற்கு வில் திருப்பி இழுக்கும். இதுவே அதன் சாரம். எல்லை மீறி இழுத்தால் வில் மீளாது. மந்திரம் இல்லை, மாயம் இல்லை. அளந்து பார்க்கத்தக்க உண்மை! கம்பில் குடியிருந்தது தெய்வமன்று, மீட்சி விசை. மரக்கம்பு பின்னர் எஃகுச் சுருளாயிற்று. பட்டறைத் தோழர்கள் ‘ஸ்பிரிங்’ என்பார்களே, அந்தச் சுருள்வில் இக்கம்பின் பேரப்பிள்ளைதான்.

இங்கே வளையும் கம்பிற்குப் பஞ்சமா? மூங்கில் விளையாத மலையா நம் மலை? இருந்தும், நம் பட்டறையில் நெடுங்காலம் நிலைத்தவை கயிறும் கையும்தாமே! ஏன்? அறிவு குறைந்தவனா நம் தச்சன்? தேரைச் செய்தவன், கலத்தைக் கட்டியவன், அவனுக்கா அறிவுப் பஞ்சம்! எழுத்தறிந்தவன் கருவியைத் தொடமாட்டான். கருவி ஏந்தியவனை எழுத்தைத் தொட விடமாட்டான்! இதுவன்றோ வருணாசிரமம் இட்ட வேலி? ஊக்கு என்பவர் ஏடும் எழுதினார், தம் கையால் கருவியும் செய்தார். இங்கே அவ்விரண்டிற்கும் நடுவே சாதி நின்றது. மேலும், கயிறு இழுக்கக் கூலி கேளாத பிள்ளையின் கை வீட்டிலேயே இருக்கும்போது, கம்பைப் பற்றி எண்ணவேண்டிய தேவை எவருக்கு? ஆண்டுக்கொரு நாள் உளிக்கும் வாளுக்கும் பொட்டு வைத்தோம். மற்ற நாள்களில் அவற்றைத் திருத்துவது பற்றி எண்ணினோமா?

பிள்ளையின் கையை அந்தக் கயிற்றிலேயே கட்டிவைக்க ஆட்சியே முனைந்த காலமும் உண்டு. 1953ஆம் ஆண்டு இராசாசி அமைச்சரவை, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரமே பாடம், எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. பெரியார் முழங்கினார், அவ்வாண்டு சூலையில் அறிஞர் அண்ணாவின் தலைமையில் கழகம் மும்முனைப் போராட்டம் கண்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. வாள் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பவேண்டும். மனிதன் தன் பாட்டன் நின்ற இடத்திற்கே திரும்பவேண்டுமா? அந்தப் போராட்டம் எழுப்பிய வினா இதுதான்.

மின்சாரம் வந்தபின் திரும்பி வருதல் உழைப்பு மிச்சம் என்பதோடு நிற்கவில்லை, உயிர்க்காப்பும் ஆயிற்று. 1922இல் அமெரிக்காவின் ரேமண்ட் டிவால்ட் புதுவகை வாள் ஒன்றை ஆக்கினார். நீண்ட கை ஒன்றின் அடியில், மோட்டாரும் வட்டவாளும் பூட்டிய சிறு வண்டி ஓடும். தொழிலாளி அதனைத் தன்னை நோக்கி இழுத்து மரத்தை அறுப்பார். சுழலும் வாளோ மரத்தைக் கவ்வித் தானே அவரை நோக்கிப் பாயவல்லது! கையை விட்டதும் வண்டி பின்னோக்கிச் சென்று நிற்காவிட்டால் விரல் போகும். ஆகவேதான், வண்டியோடும் கையின் முன்பக்கம் சற்றே உயர்ந்திருக்கவேண்டும், கைவிட்டதும் வாள் மெல்லத் தன்னிடம் திரும்பவேண்டும் என்று 1971இல் அமெரிக்க விதி கட்டளையிட்டது. சரிவு செய்யும் அப்பணியைச் சுருள்வில்லும் செய்யும்.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கு விலை எழுதிற்று. பெருவிரல் போனால் ஈட்டுந்திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, சிறுவிரலுக்கு 7! போன விரலுக்குக் கணக்கு உண்டு. போகாமல் காக்கும் வில்லுக்கு? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் எந்திரங்களுக்கு வேலியிடச் சொன்னது. ஆனால் மின்விசை கொண்ட இடத்தில் 10 பேர் பணியாற்றினால்தான் அது தொழிற்சாலை! 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அவ்வெண்ணை 20ஆக உயர்த்தியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கும் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வரை, நால்வரும் ஐவரும் உழைக்கும் சிறுபட்டறைத் தோழனின் விரலுக்கு வேலி எது?

பழைய வில்லும் புதுப் பெயரில் மீள்கிறது. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வாயில் திறந்தது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்கு உதவி என்றது. குடும்பவழித் தொழில் என்பதை அடிப்படையாக வைத்தது. 18 வயதை வாயிலாக்கியது. கல்லூரி வாயிலில் நிற்கவேண்டிய வயதல்லவா அது! 2024 நவம்பரில், அத்திட்டத்தை அவ்வடிவில் ஏற்பதற்கில்லை என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எழுதினார். 2025 ஏப்ரலில், நம் செம்பரம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள குன்றத்தூரிலேயே, கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், வயது வரம்பு 35, குலம் கேட்கும் விதி இல்லை. தொழிலை விரும்பி ஏற்றவனுக்கு உதவி. பிறப்பால் பூட்டப்பட்டவனுக்கு விடுதலை. இரண்டும் வேறு வேறு என்பதை உணர்ந்தவர்க்கே இவ்வேறுபாட்டின் அருமை தெரியும்.

தோழர்களே! பகுத்தறிவு மேடையில் முழங்குவதற்கு மட்டுமன்று. பட்டறையில் பார்ப்பதற்கும் உரியது. வண்டியில் வாளோடும் பட்டறை உங்கள் ஊரில் இருப்பின், உரிமையாளரின் ஒப்புதலோடு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டியை இழுத்து விடச் சொல்லுங்கள். மெல்லத் திரும்பிப் பின்னே நிற்கிறதா? அன்றி நடுவழியில் தயங்குகிறதா, மோதித் துள்ளுகிறதா? தளர்ந்த வில்லை மாற்ற ஆகும் செலவு சிறிது. போன விரலை மாற்ற உலகில் ஒரு கடையும் இல்லை. அங்கே கயிறு பிடிக்கவோ பலகை தாங்கவோ பள்ளி வயதுப் பிள்ளை நின்றால், அவன் ஏன் வகுப்பில் இல்லை என்றும் கேளுங்கள்.

பல நூற்றாண்டுகளாக மனிதன் செய்த வீண்வேலையை ஒரு வளைந்த கம்பு ஏற்றுக்கொண்டது. திரும்பிச் செல்வது வில்லின் கடமை. முன்னேறிச் செல்வது மனிதனின் உரிமை. வில் இழுக்கட்டும், பிள்ளை படிக்கட்டும்!