உயிரோடிருப்பவருக்குச் சிலை

உயிரோடிருப்பவருக்குச் சிலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1961ல் சென்னையில் காமராஜர் சிலையைத் திறக்க வந்த நேருஜிக்கே அதில் தயக்கம். ஆனாலும் திறந்து வைத்தார். அந்தக் காமராஜரே 1967 செப்டம்பர் 17ல், பெரியாரின் பிறந்த நாளன்று, திருச்சியில் அவருடைய சிலையைத் திறந்தார். எந்தத் திருச்சியில்? 1953ல் டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்த அதே திருச்சியில்!

வணங்குவதற்கல்ல, கொள்கையைச் சொல்வதற்கே சிலை என்றார்கள் அவருடைய தொண்டர்கள். இருக்கட்டும்.

"காலமான பிறகு வைத்தால் கசப்பு இராதே" என்னும் நண்பர்களை நான் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போவேன். ராஜகோபுரத்துக்கு எதிரே 1973ல் நகராட்சி இடம் ஒதுக்கியது; அந்த டிசம்பரில் பெரியார் மறைந்தார். சிலை எழுந்ததோ 33 ஆண்டுகள் கழித்து, 2006ல். டிசம்பர் 7ல், திறப்பு விழாவுக்கு முன்பே அதைச் சேதப்படுத்தினார்கள். அதே மாதம் அதே இடத்தில் சிலை திறக்கப்பட்டது.