குலமுறை கிளத்தல்: ஏடும் வாய்மொழியும்

கம்பன் காவியத்தின் பாலகாண்டத்தில் ‘குலமுறை கிளத்து படலம்’ என்றொரு படலம் உண்டு. மிதிலையில் சனகனது அவைக்கு வந்த இளைஞர் இருவரும் யாவர் என மன்னன் வினவ, விசுவாமித்திர முனிவர் கதிரவன் குலத்தை அடிதொட்டு எடுத்துரைக்கின்றார். இராமன் வில்லை எடுப்பது அதற்குப் பின்னர்தான். ஒருவனுடைய ஆற்றலை அறியுமுன் அவன் வழிமுறையை அறிதல் வேண்டும் என்பது முன்னோர் கொண்டிருந்த முறை. அம்முறை காவியத்தோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டின் பல பகுதிகளில் அது ஏடாகவும் கணக்காகவும் நிலைபெற்றது.

வியப்பு என்னவெனில், அதே மிதிலை நாட்டில்தான் குலமுறை கிளத்தல் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அங்கே வம்சாவளி ஏட்டுக்குப் ‘பஞ்சி’ என்று பெயர். அதனைக் காப்போர் பஞ்சிகாரர். கர்ணாட மரபினனான ஹரிசிம்மதேவன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இம்முறை ஒழுங்குசெய்யப்பட்டது என்பது அந்நாட்டார் வழக்கு. மைதில அந்தணரும் கர்ண காயஸ்தரும் மணம் பேசுமுன் பஞ்சிகாரரை நாடுவர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் விலக்கப்பட்ட உறவு இல்லை என்று அவர் ஆராய்ந்து ஓலை தந்த பின்னரே மணம் உறுதியாகும். மதுபனி மாவட்டத்துச் சௌராட் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கூடும் மணச்சபை, மாந்தோப்பின் நிழலில் ஏடுகளோடு அமரும் இப்புலவர்களால் பெயர் பெற்றது.

மிதிலையின் ஏடு மணத்துக்காக எழுந்தது எனின், அரித்துவாரத்தின் ஏடு நீத்தார் கடனுக்காக எழுந்தது. கங்கைக் கரையில் வாழும் பண்டாக்கள் எனப்படும் புரோகிதரிடம் ‘பஹி’ என்னும் நீண்டு ஒடுங்கிய கணக்கேடுகள் உள்ளன. அஸ்தி கரைக்க வருவோர் தம் பூர்விக ஊரையும் குலத்தையும் சொன்னால், உரிய பண்டா தம் ஏட்டைப் புரட்டி அவர்களுடைய தந்தையும் பாட்டனும் முன்பு வந்து எழுதிச் சென்றதைக் காட்டுவார். வந்தவர் தம் குடும்பத்துப் பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவற்றை அதன்கீழ்ச் சேர்த்துக் கையொப்பமிடுவர். 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தன. ஆயினும் அவர்தம் ஊர்ப்பெயரும் முன்னோர் கையெழுத்தும் அரித்துவாரத்தில் அழியாதிருந்தன. ஊரை இழந்தார்க்கு ஏடே ஊராயிற்று.

தமிழகத்திலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. நகரத்தார் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களின் வழியே தம் குலப் பிரிவைக் கணிப்பர். மணநாளில் மணமகன், மணமகள் ஆகிய இருவருடைய கோயிலிலிருந்தும் மாலை வரும். மணம் முடித்தோர் ஒரு ‘புள்ளி’யாகக் கோயிற் கணக்கில் ஏறுவர். வணிகத்தின் பொருட்டுப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற குடியினர், எங்கு வாழ்ந்தாலும் தம் வேரை மறவாதிருக்க இக்கணக்குத் துணைநின்றது.

நிற்க. ஏட்டில் உள்ளது யாவும் மெய்யென்றும், ஏட்டில் இல்லாதார் குலமற்றார் என்றும் கொள்ளுதல் தகாது. சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு அவர்கள் மரபைக் கதிரவனிலிருந்தும் மனுவிலிருந்தும் தொடங்குகிறது. அரசர் செய்ததைச் சிற்றரசரும் செல்வரும் செய்தனர். மேலும், வம்சாவளிகளில் பெண்டிர் பெரும்பாலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்ற அளவிலேயே நிற்கின்றனர். பத்துத் தலைமுறை ஆடவர் பெயரைச் சொல்லும் ஏடு, அவர்களைப் பெற்ற தாய்மாரில் ஒருத்தியின் பெயரையும் சொல்லாதிருத்தல் கூடும்.

உழுது பிழைத்த ஏழையர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுக்குப் பஞ்சிகாரரும் இல்லை, பண்டாவும் இல்லை. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பலில் நேத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரும், அவர்க்குப் பின் சென்றோரும் இத்தகையரே. அவர்களுடைய பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றை எழுதிவைத்தவன் கப்பற் பட்டியல் எழுதிய எழுத்தன். இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் அவர்தம் வழியினர், பிழைபட எழுதப்பட்ட அவ்வூர்ப்பெயர்களைக் கொண்டே தம் மூதாதையர் ஊரைத் தேடுகின்றனர். அடிமைக்கு நிகரான வாழ்வின் சீட்டே அவர்களுக்குக் குலமுறை ஏடானது வரலாற்றின் கொடிய நகை.

ஏடு விட்ட இடத்தை நிரப்புவது வாய்மொழி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதப் புகுந்தபோது தம் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. ஊரின் கதையிலிருந்து தொடங்கினார். ஏகாதசி நாளில் மறதியாகத் தாம்பூலம் தரித்த தஞ்சை மன்னர் ஒருவர், அதற்குக் கழுவாயாக அந்தணர்க்கு வீடும் நிலமும் அளித்து அமைத்த ஊரே உத்தமதானபுரம் என்பது அக்கதை. இதனைச் செப்பேட்டுச் சான்றாக எவரும் கொள்ளார். ஆயினும், அவ்வூரார் தம்மை எவ்வாறு எண்ணினர் என்பதை வேறெந்த ஆவணமும் இதைப் போல் உரைக்காது. ஏடு பெயரைத் தரும். கதை அப்பெயருக்கு முகத்தைத் தரும். கதை மிகைப்படுத்தினால் ஏடு திருத்தும். ஏடு மறைத்தால் கதை வெளிப்படுத்தும். இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே வரலாற்று நெறி.

தாய்நிலம் விட்டு வடபுலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் வகுத்த மொழி நம்முடையது. ஆனால், பூட்டனின் பெயர் யாது என்று இங்கே பிறந்து வளர்ந்த நம் மக்களைக் கேட்டால் எத்துணைப் பேர் விடை கூறுவர்? பூட்டியின் பெயரைக் கேட்டால் நாமே விழிப்போம். ஊரில் இருந்தால் கோயிலும் குளமும் பங்காளியும் நினைவூட்டுவர். இங்கே அவ்வாறு நினைவூட்டுவார் இலர்.

ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு வேண்டும். அறிந்த பெயர்களையும் ஊர்களையும் ஆண்டோடு எழுதுக. ஆண்டு தெரியாவிடின், எந்தப் பஞ்சத்தில், எந்தப் புயலில் என்று எழுதுக. தாய்வழிப் பெயர்களைத் தந்தைவழிக்கு இணையாக எழுதுக. கேட்ட கதையைச் சொன்னவர் பெயரோடு எழுதுக. மறைந்தோரின் உறவுமுறை பற்றி, வழக்கு எழுமுன் குடும்ப வம்சாவளியில் அவ்வுறவை அறிந்தவர் எழுதிச் சென்ற கூற்றை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் ஏற்றது. 2024இல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த சட்டமும் ஏற்கிறது. சட்டமே மதிக்கும் ஒன்றை நாம் புறக்கணித்தல் முறையன்று.

முதியோர் உள்ளபோதே இப்பணி நிகழ வேண்டும். மிதிலையின் பஞ்சியும் அரித்துவாரத்துப் பஹியும் பல தலைமுறையினர் கைமாறிக் காத்தவை. நம் குறிப்பேட்டைத் தொடங்குவதற்கோ ஒரு பாட்டியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.