நீர், தழை, மணி, சாம்பல்: தனிமச் சுழற்சி பற்றிய தமிழ்க் கலைச்சொற்களின் வரலாறு

1. முன்னுரை

மும்பைக்கு வடகிழக்கே, தானே மாவட்டத்தில் அமைந்துள்ள தொழில் நகரம் அம்பர்நாத். 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டையுடைய சிலாகாரர் காலச் சிவன் கோயில் இங்கு வால்துனி ஆற்றங்கரையில் உள்ளது. அதன் கருவறை தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிச் செல்லுமாறு அமைந்து, மேலே வானை நோக்கித் திறந்துள்ளது. ஊர்ப்பெயரின் முற்பகுதியை வானத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைத்து விளக்குதல் மக்கள் வழக்கு. தமிழிலும் ‘அம்பரம்’ என்னும் சொல் உண்டு. வானம், கடல் என்னும் இரு பொருளையும் அது தரும். கடலுக்கும் வானுக்கும் இடையே நிகழும் நீரின் போக்குவரவை இவ்வொரு சொல்லின் இரு பொருள்களும் நினைவூட்டுகின்றன.

வால்துனி, கல்யாண் அருகே உல்லாஸ் ஆற்றில் கலக்கிறது. உல்லாஸ் கடலை அடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடல்நீரைச் சஹ்யாத்திரி மலைக்குத் திரும்பக் கொணர்கிறது. 1892 முதல் பயன்பட்டுவரும் தான்சா ஏரி போன்றவற்றில் தேங்கும் அந்நீரே தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய தமிழர் வாழும் பகுதிகளை உள்ளிட்ட மும்பைக்குக் குடிநீராகிறது. நீருடன் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இடம்பெயர்கின்றன. இச்சுழற்சிகளைத் தமிழ் எவ்வாறு பெயரிட்டு வந்துள்ளது, அப்பெயர்கள் எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயருக்கு முந்திய வினைகள்

நீர்ச்சுழற்சி என்னும் பெயர் புதிது, கருத்து பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதியும் இறக்குமதியும் நடைபெற்றதை விளக்க வந்த பட்டினப்பாலை, கடல்நீரை முகந்த மேகம் மலையில் பொழிவதையும், பொழிந்த நீர் மீண்டும் கடலிற் பரவுவதையும் உவமையாக்குகிறது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம், மேகம் கொண்டதைத் திருப்பித் தராவிடில் கடலும் தன் வளம் குன்றும் என்கிறது.

இவ்விடங்களில் சுழற்சியைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஏதுமில்லை. முகத்தல், பொழிதல், பரத்தல் என்னும் வினைகள் தொடர்ந்து நின்று கருத்தைத் தருகின்றன. ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் உண்டு. எது எடுக்கிறது, எது தருகிறது என்பது மறைவதில்லை. ‘முகத்தல்’ நீர்மப் பொருளை அளத்தலையும் குறிக்கும். முகத்தல் அளவை என்னும் வழக்கு இதனைக் காட்டும். எனவே, எடுத்ததற்கு அளவும் கணக்கும் உண்டு என்னும் குறிப்பும் இவ்வினையில் அடங்கியுள்ளது. இக்காலக் கலைச்சொல் பெயராகச் சுருங்கியபோது வினைமுதலும் கணக்கும் ஒருங்கே விடுபட்டன.

3. தனிமங்களுக்குப் பெயரிட்ட முயற்சிகள்

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. நூற்பெயரே அவருடைய நெறிகளுள் ஒன்றைப் புலப்படுத்தும்: அயற்சொல்லை ஏற்று, அம் ஈறு சேர்த்துத் தமிழ்ப் பெயராக்குதல். 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் அமைத்து இதழும் வெளியிட்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதி வெளிவந்தது. சமஸ்கிருத அடிச்சொற்களைத் தழுவும் போக்குக்கும் தமிழ் வேர்களைத் தேடும் போக்குக்கும் இடையிலான வாதம் இக்காலத்தின் சிறப்புக் கூறாகும். பிராணவாயு, கரியமிலவாயு ஆகியன முதற்போக்கின் தடயங்கள்.

பின்னர்த் தமிழகமும் இலங்கையும் வெவ்வேறு வழிகளில் சென்றன. தமிழகத்தில் நைட்ரஜன், கார்பன், பாஸ்பரஸ் என ஒலிபெயர்த்தவை இலங்கையில் நைதரசன், காபன், பொசுபரசு எனத் தமிழ் ஒலியமைப்புக்கு இயைய மாற்றப்பட்டன. தமிழகத்தின் ஒளிச்சேர்க்கை அங்கு ஒளித்தொகுப்பு. நீராவிப்போக்கு அங்கு ஆவியுயிர்ப்பு. சுழற்சி அங்கு வட்டம். வட்டம் வடிவத்தைக் குறிப்பது. சுழற்சி இயக்கத்தைக் குறிப்பது. ஆயினும் இரண்டும் காலத்தைக் காட்டுவதில்லை.

வளிமண்டல நைட்ரஜனைச் சேர்மமாக்கும் நிகழ்வின் பெயர்களில் வேறுபாடு இன்னும் ஆழமானது. தமிழகத்தில் அது நிலைப்படுத்துதல் அல்லது நிலைநிறுத்தம், இலங்கையில் பதித்தல். காற்றின் ஏறத்தாழ 78 விழுக்காடாக உள்ள நைட்ரஜன், இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிய, மிகவும் நிலையான மூலக்கூறு. அவரையினச் செடிகளின் வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியங்கள் அந்நிலைப்பாட்டைக் குலைத்தே பயிருக்கு உதவும் சேர்மத்தை ஆக்குகின்றன. எனவே, நிலைப்படுத்துதல் என்னும் சொல் நிகழ்வதற்கு மாறான எண்ணத்தைத் தோற்றுவிக்கக் கூடும். பதித்தல் என்னும் சொல்லோ காற்றில் இருந்தது மண்ணில் ஊன்றப்படுகிறது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

4. தழை, மணி, சாம்பல்

அகராதிக் குழுக்களின் சொற்களினும் உழவர்க்கு மிகவும் நெருங்கியவை வேளாண் விரிவாக்கத் துறையில் வேரூன்றிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பன. முறையே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றை இவை குறிக்கும்.

இலக்கண நோக்கில் இவை உருபும் பயனும் உடன்தொக்க தொகைகள். தழைச்சத்து என்பதைத் ‘தழையிலிருந்து கிடைக்கும் சத்து’ என ஐந்தாம் வேற்றுமையாகவும், ‘தழையைத் தரும் சத்து’ என இரண்டாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். வயலில் தழையுரம் இட்டு மிதித்த உழவர்க்கு முதல் விரிவு பட்டறிவு. யூரியா இட்டபின் பயிர் பச்சை கட்டுவதைக் கண்டவர்க்கு இரண்டாம் விரிவு பட்டறிவு. இரு விரிவுகளையும் சேர்த்துக் கண்டால் சுழற்சி முழுமை பெறுகிறது. கலைச்சொல்லுக்கு ஒருபொருட்டன்மை வேண்டும் என்னும் பொதுவிதிக்கு இது ஒரு விலக்கு. இங்கு இருபொருட்டன்மையே பயன் தருகிறது.

மணிச்சத்து, மணி பிடிக்க உதவுவது. முதிர்ந்த பயிரின் பாஸ்பரஸில் பெரும்பகுதி தானியத்திலேயே சேர்வதால், அறுவடையில் அது வயலைவிட்டு வெளியேறும் வழியையும் இப்பெயர் சுட்டுகிறது. சாம்பல்சத்து, கிடைக்கும் இடத்தால் பெயர் பெற்றது. தழையை எரித்தால் நைட்ரஜனில் பெரும்பகுதி வளியாகப் பிரிந்துவிடும். பொட்டாசியம் சாம்பலில் தங்கும். பொட்டாஷ் என்னும் ஐரோப்பியச் சொல்லும் பானை, சாம்பல் என்னும் இரு சொற்களின் கூட்டே.

மராட்டியத்தில் இம்மூன்றும் நத்ர, ஸ்புரத், பாலாஷ் என வழங்குகின்றன. ஸ்புரத் என்பதில் ஒளிர்தலைக் குறிக்கும் சமஸ்கிருத வேர் உள்ளது. ஒளியைத் தாங்குவது என்னும் கிரேக்கப் பெயரின் கருத்தை அது பின்பற்றுகிறது. பாலாஷ், பொட்டாஷ் என்பதன் ஒலியை ஒட்டியது. புரச மரத்தின் வடமொழிப் பெயரான பலாசத்தை நினைவூட்டுவது. மராட்டியப் பெயர்களுள் ஸ்புரத் ஆய்வுக்கூடத்தில் பொருள் எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் கூறுகிறது. தமிழ்ப் பெயர்கள் வயலில் அது என்ன செய்கிறது என்பதைக் கூறுகின்றன. 1923இல் தொடங்கப்பட்ட வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி அம்பர்நாத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை நடத்தியது. பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். அங்கு ஸ்புரத் என்னும் பெயர் பொருந்தும், மணிச்சத்து பொருந்தாது. எனவே, உழவுச் சொல்லுக்கும் வேதியியற் சொல்லுக்கும் தனித்தனி ஆட்சிக்களம் உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் கருதல் வேண்டும்.

5. சுழற்சி என்னும் சொல்லின் எல்லை

ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் அம்மோனியாவைப் பேரளவில் தொகுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. மும்பையில் செம்பூரை அடுத்த திராம்பேயில் 1965இல் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1978 முதல் அது ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தைச் சார்ந்தது. அங்கு உருவாகும் ‘சுபலா’ உரத்தின் மூட்டையில் காணும் 15:15:15 என்பது மூன்று சத்துகளின் விகிதம். காற்றின் நைட்ரஜன் தழை இல்லாமலே ‘தழைச்சத்து’ ஆகிறது. சொல் மாறவில்லை, அதன் முதல் விரிவு மட்டும் மறைந்துவருகிறது.

மணிச்சத்தின் நிலை வேறு. பாஸ்பரஸுக்கு வளிமண்டல வழி இல்லை எனலாம். பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மணிக்கும், மணியிலிருந்து நகரக் கழிவுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் செல்வது, நிலத்துக்குப் பேரளவில் திரும்பக் கடலடிப் படிவு மீண்டும் நிலமாக உயர வேண்டும். வளிமண்டலத்தில் நீர் தங்கும் சராசரிக் காலம் ஏறத்தாழ 9 நாள். பாஸ்பரஸ் திரும்பும் காலமோ கோடிக்கணக்கான ஆண்டுகள். இரண்டையும் ‘சுழற்சி’ என ஒரே சொல்லால் குறிப்பது, இரண்டும் ஒருபோல் தாமாகவே திரும்பி வரும் என்னும் நம்பிக்கையை வாசகரிடம் விதைக்கிறது. மனித வாழ்நாளை நோக்க, பாஸ்பரஸின் பாதை பெரும்பாலும் ஒருவழிப் பாதை.

ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்து ஓடும் வால்துனியில் இவ்வுண்மை கண்கூடு. அந்நீர் சென்று சேரும் உல்லாஸின் மேற்பரப்பை ஆகாயத்தாமரை மூடுவது அண்மை ஆண்டுகளில் காணப்பட்டது. வயலில் குறைவுபடும் சத்து ஆற்றில் மிகைப்படுவதன் விளைவு இது. இந்நிகழ்வை இலங்கைக் கலைச்சொல் ‘நற்போசணையாக்கம்’ என்கிறது. ‘நல்ல ஊட்டம்’ என்னும் கிரேக்கப் பகுதிகளின் நேர்பெயர்ப்பாகிய இச்சொல், உயிர்வளி குன்றி மீன் மடியும் கேட்டை நன்மையெனப் பெயரிடுகிறது. ‘மிகையூட்டம்’ எனத் தமிழகத்தில் அமைந்த சொல் மூலத்தின் பகுதிகளைக் கைவிட்டுப் பொருளைக் காக்கிறது. பதித்தலில் இலங்கை வழக்கும் மிகையூட்டத்தில் தமிழக வழக்கும் சிறந்து நிற்பதால், ஒரு நாட்டுத் தொகுதியை முழுமையாக ஏற்று மற்றதை விலக்குதல் முறையன்று.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, சுழற்சி குறித்த தமிழ்ச் சிந்தனை பழமையில் வினைவழி நின்றது. இன்று பெயர்வழி நிற்கிறது. பெயரை மட்டும் கையாளும் மொழிபெயர்ப்பு, யார் எடுத்தார், யார் திருப்பித் தரவில்லை என்னும் வினாக்களுக்கு இடமில்லாமற் செய்கிறது. ஆகவே, ‘பாஸ்பரஸ் சுழற்சியில் இழப்பு ஏற்படுகிறது’ என்பதினும் ‘நகரம் வயலின் மணிச்சத்தைப் பெறுகிறது, திருப்பித் தருவதில்லை’ என்பது தெளிவுடையது. இரண்டாவது, உழவு வழக்குச் சொற்கள் பாமரச் சொற்கள் என ஒதுக்கத்தக்கன அல்ல. அவற்றின் தொகையமைப்பிலேயே அறிவியற் செய்தி செறிந்துள்ளது. மூன்றாவது, இரு நாட்டுக் கலைச்சொற்களையும் சொல்தோறும் ஒப்பிட்டு, நிகழ்வோடு பொருந்துவதைத் தெரிந்தெடுக்கும் பணி இன்றியமையாதது. தழையையும் மணியையும் வயலில் காணாது, மூட்டையின் மீதுள்ள எண்களாக மட்டும் அறியும் தலைமுறை அம்பர்நாத், செம்பூர் போன்ற நகரங்களில் வளர்ந்துவருகிறது. அத்தலைமுறைக்கு அச்சொற்களின் இரு விரிவுகளையும் எடுத்துரைப்பது பாடநூல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.