தகரக் கூரையின் கதை

தகரக் கூரை எண்டதும் மலையக லயங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனா அது பிறந்தது லண்டனில். இரும்புத் தகட்டை அலையலையாக வளைத்தால் மெல்லிய தகடும் பாரம் தாங்கும் எண்டு, 1829இல் ஹென்றி பாமர் என்ற துறைமுகப் பொறியியலாளர் காப்புரிமை பெற்றார். துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சில் சொரெல் காப்புரிமை எடுத்தார்.

பாரம் குறைவு, தீப்பிடிக்காது, ஓலை மாதிரி அடிக்கடி வேயவும் தேவையில்லை. தோட்ட முதலாளிமாருக்கு இது வசதியாப் போச்சு. நீளமான ஒரே கூரைக்குக் கீழே சுவர் வைத்துப் பிரித்து, அறைக்கொரு குடும்பத்தை வைத்தார்கள். வெக்கையையும் மழைச் சத்தத்தையும் பூச்சுத் தேய்ந்தபிறகு வந்த ஒழுக்கையும் அனுபவித்தது அந்தக் குடும்பங்கள்தான்.

இதில் தகரத்தின் பிழை கொஞ்சம்தான். கீழே சீலிங் அடித்து, காற்றுப்போக வழிவிட்டால் அதுவும் நல்ல கூரைதான். ஆனா அப்பிடித் திருத்த, வீடு தன்ர பேரில் இருக்க வேணும். லயத்து மக்களுக்குத் தலைமுறைகளாகக் கிடைக்காதது அந்த உரிமைதான்.