கையெழுத்து மாறிய உயில்

1999இல் இங்கிலாந்தில் ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு உயில் எழுதினார்கள். ஒருவர் இறந்தால் சொத்து மற்றவருக்கு. இருவரும் போன பிறகு, தாங்கள் மகனாகவே நடத்திய ஒருவருக்கு. வழக்கறிஞர் தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டார். மனைவியின் உயிலில் கணவன் கையெழுத்திட்டார், கணவனின் உயிலில் மனைவி. 2003இல் மனைவி இறந்தபோது யாருக்கும் தெரியவில்லை. 2006இல் கணவன் இறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மிஞ்சியது 70,000 பவுண்டு. பெற்ற பிள்ளைகள் இருவரும் உயில் செல்லாது, ரத்த வாரிசு நாங்கள்தான் என்றார்கள். இரண்டு நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 2014இல் உச்ச நீதிமன்றம், இது எழுத்தர் பிழைதான், திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லி வளர்ப்பு மகன் பக்கம் நின்றது. ரத்தமே எல்லாம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கத்தான் செய்யும்.

இந்தக் கண்டிப்பு 1837ஆம் ஆண்டு உயில் சட்டத்தில் இருந்து வருகிறது. கையெழுத்து உயிலின் அடியில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருந்ததற்காகக்கூட உயில்கள் தள்ளுபடியாயின. அதைச் சரிசெய்யவே 1852இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது!

தெற்கு ஆஸ்திரேலியா 1975இல் வேறு வழி பிடித்தது. முறைப்படி கையெழுத்தாகாவிட்டாலும், இறந்தவர் அதைத் தன் உயிலாகவே கருதினார் என்பதில் நியாயமான சந்தேகம் இல்லையென்றால் நீதிமன்றம் ஏற்கலாம். இந்த வழி எதுவரை போனது தெரியுமா? 2017இல் குயின்ஸ்லாந்து உச்ச நீதிமன்றம், ஒருவர் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பாமலே விட்ட குறுஞ்செய்தியை உயிலாக ஏற்றது. சொத்து அண்ணன் தம்பி வகைக்குப் போனது, மனைவிக்கு இல்லை. நீதிபதியின் இரக்கம் எப்போதும் பலவீனமானவர் பக்கம்தான் சாயும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த இரக்கத்தைக் கேட்கவே முதலில் வழக்கு நடத்தக் காசு வேண்டும்.

இந்தியாவில் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுதான் விதி. கைநாட்டும் செல்லும். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. போர்முனையில் இருக்கும் சிப்பாய் வாய்மொழியாகவே உயில் சொல்லலாம். கூலித் தொழிலாளிக்கு அந்தச் சலுகை இல்லை. தெற்கு ஆஸ்திரேலியா போல் குறையை மன்னிக்கும் அதிகாரமும் நம் நீதிமன்றங்களுக்கு இந்தச் சட்டத்தில் தரப்படவில்லை.

தந்தால் நல்லதா? எனக்குத் தயக்கம் உண்டு. வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி நிலம் பிடுங்கிய கதை இல்லாத சேரி ஏது? அங்கே சாட்சி எங்கே, எழுதியதைப் படித்துக் காட்டினார்களா என்று கேட்கும் இதே கண்டிப்புதான் நமக்குக் கவசம். உயிலைச் சுற்றிச் சந்தேகம் இருந்தால் அதைப் போக்குவது உயிலைக் காட்டுபவரின் பொறுப்பு என்று 1959இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் ஊர்ப் பெரியவர்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். சாட்சிகளாக வயதில் இளையவர்களை வையுங்கள். வழக்கு வரும்போது சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு வந்து கூண்டில் நிற்க வேண்டும்.